உங்களுக்குத் தெரியுமா? பழகினாலும் அபராதம்!

கோல்ஃப் கிளப் சாம்பியன்ஷிப் ‘ஸ்ட்ரோக் பிளே’ (மொத்த அடிகளை எண்ணும்) முறையில் நடந்தால், ஆட்டத்துக்கு முன் அன்று காலை அதே மைதானத்தில் அடித்துப் பழகக் கூடாது. மீறினால் 2 ஸ்ட்ரோக் அபராதம். மறுபடியும் மீறினால் போட்டியிலிருந்தே நீக்கம்! கிளப் தனி விதி வகுத்திருந்தால் மட்டுமே விலக்கு.

• முதல் டீ (ஆட்டம் தொடங்கும் இடம்) அருகே ‘பட்டிங்’ (பந்தை உருட்டுதல்), ‘சிப்பிங்’ (சிறிதாகத் தூக்கி அடித்தல்) செய்யலாம். பயிற்சித் திடலில் தாராளமாக அடிக்கலாம்.

• ‘மேட்ச் பிளே’யில் (குழிக்குக் குழி வெற்றியைக் கணக்கிடும் முறை) இந்தத் தடையே இல்லை.

• கிளம்புமுன் பையை எண்ணுங்கள். 14 மட்டைகளே உச்சவரம்பு. 15-வது இருந்தால், ஸ்ட்ரோக் பிளேயில் குழிக்கு 2 ஸ்ட்ரோக், ரவுண்டுக்கு அதிகபட்சம் 4.

• விதிகளுக்கு அப்பால் ஒரு தகவல்: சென்னை கிண்டியில், மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பினர் பல்லாண்டுகள் கோல்ஃப் ஆடியது குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு நடுவே!