காலடிகளை எண்ணினால் நலம் பெருகுமா?

ஈப்போ போலோ திடலில் காலையில் நடப்போர் பலரின் மணிக்கட்டில் இன்று காலடிமானியைக் காண்கிறோம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் என்பதே பலருடைய இலக்கு. இவ்வெண் எங்கிருந்து வந்தது, இக்கருவி உடல்நலத்தை உண்மையாகவே மேம்படுத்துகிறதா என்னும் இரு வினாக்களை இங்கு ஆராய்வோம்.

பத்தாயிரம் என்பது மருத்துவ ஆய்வில் பிறந்த எண்ணன்று. தோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறு ஆண்டு, 1965இல், சப்பானிய நிறுவனமொன்று இடுப்பில் அணியும் கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் பெயர் 'மான்போ கெய்'. பத்தாயிரம் அடிமானி என்பது பொருள். விற்பனைப் பெயரே நாளடைவில் விதியாயிற்று. சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களைக் கண்காணித்து 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 2,700 அடிகள் நடந்தோரைவிட 4,400 அடிகள் நடந்தோரிடையே இறப்பு குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்குமேல் கூடுதல் பயன் தென்படவில்லை.

இனி, கருவியின் பயனைக் காண்போம். சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடையே நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பணப்பரிசு பெற்றோர் முதலில் மிகுதியாக நடந்தனர். பரிசு நின்றதும் அவ்வேகம் தணிந்தது. ஓராண்டு முடிவில் உடல் எடையிலோ இரத்த அழுத்தத்திலோ முன்னேற்றம் காணப்படவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்விலோ, ஈராண்டில் கருவி அணிந்தோர் சராசரியாக 3.5 கிலோ குறைந்தனர், அணியாதோர் 5.9 கிலோ குறைந்தனர். எனினும், பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த மதிப்பீடு, கருவி அணிவோர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 அடிகள் கூடுதலாக நடப்பதாகக் கூறுகிறது. ஆகவே, கருவி நடையைக் கூட்டுகிறது. எடைக் குறைவில் அதன் பங்கு சிறிதே.

பேராக் மக்களாகிய நமக்கு இது ஏட்டளவிலான வினாவன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் பேச்சில் இனிப்புநீர் எனப்படும் அந்நோய் தொடாத குடும்பம் நம்மிடையே அரிது. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டிய நம் முன்னோர் அடிகளை எண்ணவில்லை; மரங்களையே எண்ணினர். அவர்களுக்கு நடையே பிழைப்பு. அவ்வாழ்வில் வறுமையும் நோயும் மலிந்திருந்தன. அதனைப் புகழ்வது நம் நோக்கமன்று. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயங்கள் கலைந்து, மக்கள் தாமான்களில் குடியேறியபின், நடை நாமே தேர்ந்து செய்யவேண்டிய செயலாகிவிட்டது என்பதையே சுட்டுகிறோம்.

ஆதலின், பத்தாயிரத்தை எட்டவில்லையே என்று சோர்வடைய வேண்டா. இன்று நடக்கும் அளவை அறிந்து, அதனினும் ஓராயிரம் அடிகள் கூட்டுவதே நல்ல தொடக்கம். காலடிமானி நடையின் கணக்கைக் காட்டும். இரத்தத்திலுள்ள சர்க்கரையின் கணக்கைக் காட்டாது. அதற்கு மருந்தகப் பரிசோதனையும், உணவில் கட்டுப்பாடும், மருத்துவர் அறிவுரையும் இன்றியமையாதன.