வார்ப்பிரும்புக்கும் வைத்தியம் உண்டு



எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா தரமணியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். நான்காம் வகுப்போடு சரி. சென்ற வருடம் அவர் கைக்கு வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் இன்ஜின் பிளாக்கைப் பற்றியே இக்கட்டுரை.

ஹெரால்டு நம்ம ஊர் கார். 1961 முதல் வண்டலூரில் தயாரானது. 948 சி.சி., நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். கம்பெனி மூடி வெகு காலமாகிவிட்டது. புதுப்பேட்டையில் தேடினாலும் அதிர்ஷ்டம் இருந்தால்தான் பிளாக் கிடைக்கும்.

பிளாக் ஏன் வெடிக்கிறது? குளிர் நாடுகளில் உள்ளே தண்ணீர் உறைந்து சுமார் 9 சதவீதம் விரிவதால். நம் ஊரில், ரேடியேட்டர் வற்றிக் கொதிக்கும் இன்ஜினில் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதால். வார்ப்பிரும்புக்குள் கார்பன், கிராஃபைட் செதில்களாக இருக்கிறது. அதனால் அது அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஆயில் பால் கலந்த டீ மாதிரி மாறினாலோ, ஒழுக்கு இல்லாமலே தண்ணீர் குறைந்தாலோ சந்தேகப்பட வேண்டும்.

ஹெரால்டைப் பார்த்ததும் அப்பா, "இத நான் தொட மாட்டேன்டா" என்றுவிட்டார். காரணம் உண்டு. முன்பு ஒருமுறை வேறொரு பிளாக்கைச் சாதாரண ராடில் பற்றவைத்தார். ஒரே வாரத்தில் வெல்டு பக்கத்திலேயே புது விரிசல். ஒரு மாதச் சம்பளம் போச்சு. அன்று கை சரியில்லை என்றே அவர் இதுவரை நினைத்திருந்தார்.

எங்கள் சாரிடம் கேட்டேன். தப்பு கையில் இல்லை, ராடில்! சாதாரண ராடு வார்ப்பிரும்பின் கார்பனை வாங்கி இறுகிவிடும்; பக்கத்து இரும்பும் சட்டென்று ஆறிக் கண்ணாடி போல் உடையும் தன்மை பெறும். நிக்கல் ராடு மிருதுவாகவே இருந்து, இழுவைக்கு வளைந்து கொடுக்கும்.

செய்முறை இதுதான். விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட வேண்டும். அது மேலே ஓடாது. விரிசலை 'வி' வடிவில் கிரைண்ட் செய்து, எண்ணெயைச் சுட்டுப் போக்க வேண்டும். குறைந்த கரண்டில், சுமார் 25 மில்லிமீட்டர் மட்டும் வெல்டு. உடனே பால்பீன் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். கை வைக்கும் சூடு வந்த பிறகே அடுத்தது, அதுவும் வேறு இடத்தில். அவசரம் கூடவே கூடாது.

கடைசியில் துவாரங்களை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவினோம். ஒரு குமிழி வரவில்லை!

ஒரு எச்சரிக்கை: எங்கள் விரிசல் வெளிப்பக்கத் தண்ணீர் ஜாக்கெட்டில் இருந்தது. கிராங்க் பேரிங் பகுதியில் என்றால் இந்த வைத்தியத்தை நம்பக் கூடாது.

1917-இல் அமெரிக்கத் துறைமுகங்களில் ஜெர்மன் மாலுமிகள் உடைத்துப் போட்ட கப்பல் இன்ஜின்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களைக்கூட மின்சார வெல்டிங்கால் சரிசெய்து ஓட்டியிருக்கிறார்கள்.

அன்று இரவு அப்பா, "அப்போ அன்னிக்கு என் கை மேல தப்பு இல்லையாடா?" என்று மறுபடியும் கேட்டார். இல்லப்பா என்றேன். நான் படித்த படிப்புக்கு அந்த ஒரு பதிலே போதும்.

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்