தெளிவும் கலக்கமும் மாறிவரும் நோய்

முதுமையில் நினைவையும் சிந்தனையையும் படிப்படியாகக் குலைக்கும் நோய்களுள் அல்சைமர் நோயின் பெயர் இன்று பலருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக மிகுதியாகக் காணப்படுவனவற்றுள் ஒன்றான லூயி உடல் மறதிநோயின் பெயரோ, அதற்கு ஆளானவரின் குடும்பத்தாருக்குக்கூடப் பல நேரங்களில் காலம் கடந்தே தெரியவருகிறது. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவரான ஃபிரிட்ஸ் லூயி, நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளை நரம்பணுக்களுக்குள் உருண்டையான திரட்சிகள் இருப்பதை 1912-இல் விவரித்தார். அவையே பின்னர் லூயி உடல்கள் எனப் பெயர்பெற்றன. ஆல்ஃபா-சினூக்ளின் என்னும் புரதம் இயல்பு திரிந்து ஒட்டித் திரள்வதால் அவை உண்டாகின்றன என்பது 1997-இல் தெளிவாயிற்று. அத்திரட்சிகள் மூளைத்தண்டோடு நில்லாமல் பெருமூளையின் புறணியெங்கும் பரவும்போது மறதிநோய் விளைகிறது என்பதை ஜப்பானிய மனநல மருத்துவர் கென்ஜி கொசாகா 1976 முதல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின.

நடுக்குவாதத்துக்கும் இந்நோய்க்கும் அடிப்படை ஒரே புரதம் என்பதால், இங்கே மனத்தோடு உடலும் சேர்ந்தே தளர்கிறது. கவனம் சிதறுதல், இடத்தையும் தூரத்தையும் கணிக்க இயலாமை, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிதல், உடல் விறைத்து நடை குறுகுதல், கனவில் கைகால்களை வீசி அடித்தல், எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சரிதல், தீராத மலச்சிக்கல் ஆகியவை ஒருவரிடமே வெவ்வேறு வரிசையில் தோன்றுவதால், குடும்பத்தார் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருத்துவரை நாடி அலைய நேர்கிறது. நினைவாற்றலோ தொடக்கத்தில் பெருமளவு தங்கியிருக்கும். அதனாலேயே இது மறதிநோய் என்ற ஐயமே எழாமல் போவதுண்டு. 2014-இல் உயிரிழந்த அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸுக்கு உயிரோடிருந்தபோது பார்க்கின்சன் நோய் என்றே கண்டறியப்பட்டிருந்தது. அவர் மூளையில் லூயி உடல்கள் பரவியிருந்த செய்தி உடற்கூறாய்வில்தான் வெளிப்பட்டது. பெயரறியாத ஒன்றோடு பல மாதங்கள் போராடிய அனுபவத்தை அவர் மனைவி 2016-இல் நரம்பியல் இதழொன்றில் எழுதியது, இந்நோயைப் பற்றிய பொதுமக்களின் அறிவை விரிவாக்கிய நிகழ்வுகளுள் முக்கியமானது.

பராமரிப்பவரை மிகுதியும் குழப்பும் இயல்பு, அறிவுத் தெளிவு ஏறி இறங்குவதாகும். காலையில் செய்தித்தாள் படித்துக் கருத்துச் சொன்னவர் மாலையில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் திகைப்பார். பகலிலேயே நெடுநேரம் உறங்குவார், அல்லது விழித்தபடியே வெறித்துப் பார்த்திருப்பார். மறுநாள் எதுவும் நடவாததுபோல் பேசுவார். இந்த ஏற்றத்தாழ்வு மணிக்கணக்கிலும் நிகழலாம், நாள்கணக்கிலும் நிகழலாம். நேற்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை என்னும் கேள்வி வீட்டில் எழும்போது, அவர் வேண்டுமென்றே செய்கிறார், சோம்பல்படுகிறார், நடிக்கிறார் என்ற முடிவுக்கு உறவினர் எளிதில் வந்துவிடுகின்றனர். இந்நோயில் நிகழும் கொடுமைகளுள் இந்தத் தவறான பழி முதன்மையானது. ஏனெனில் தெளிவு திரும்பும் வேளையில் தம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதை நோயாளி புரிந்துகொள்கிறார், அதற்காக வருந்தவும் செய்கிறார். மருத்துவர் முன்னிலையில் அவர் சற்று நேரம் தெளிவாக விடையளித்துவிடுவதும் உண்டு என்பதால், எந்த வேளையில் என்ன நேர்ந்தது என்பதைக் குடும்பத்தார் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவதும், தேவையானபோது கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டுவதும் நோயைக் கண்டறியப் பேருதவியாகும். குளியல், வங்கி வேலை, உறவினரைச் சந்தித்தல் முதலியவற்றைக் கடிகாரத்துக்கு ஏற்ப அல்லாமல் அவருடைய நல்ல வேளைக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதே பராமரிப்பின் முதல் திறனாகும்.

மாயத்தோற்றங்கள் அடுத்த சோதனை. கூடத்து மூலையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகவோ, தரையில் சிறு விலங்குகள் ஓடுவதாகவோ, அறியாத ஒருவர் வாசலில் நிற்பதாகவோ நோயாளி விரிவாக வருணிப்பார். அவருக்கு அவை கண்முன் நிற்கும் காட்சிகள் என்பதால், அங்கே யாருமில்லை என்று வாதிட்டு வெல்ல முற்படுவது பயன் தராது. அதற்காக, கண்டதாகப் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை. தமக்கு அது தெரியவில்லை என்பதை மெல்லச் சொல்லி, அவர் அஞ்சுகிறாரா என்று கேட்டறிந்து, அச்சம் இருந்தால் வேறு அறைக்கு அழைத்துச் சென்று ஆறுதலளிப்பது போதும். பலருக்கு அத்தோற்றங்கள் அச்சமூட்டுவதில்லை. அவற்றைத் தாமாகவே பொருட்படுத்தாமல் விட்டுவிடுவோரும் உண்டு. மங்கலான வெளிச்சம், கொடியில் தொங்கும் துணி, கண்ணாடியில் விழும் பிம்பம் ஆகியவை இவற்றைத் தூண்டுவதால், மாலையில் விளக்குகளை முன்கூட்டியே ஏற்றுவதும் கண்புரையைக் கவனிப்பதும் சில சமயம் மாத்திரையைவிட நற்பயன் தருகின்றன. எதிரே நிற்கும் மனைவியை மனைவி அல்லள், அவளைப் போல் வேடமிட்ட வேறொருத்தி என்று நம்பும் காப்கிரா நோய்க்குறியும் சிலருக்கு ஏற்படுகிறது; நெடுங்காலம் உடன் வாழ்ந்தவரை இது எவ்வளவு புண்படுத்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அச்சமயத்தில் சிறிது நேரம் விலகியிருந்து, மீண்டும் குரல் கொடுத்தபடியே அருகில் வருவது சில வேளைகளில் உதவுகிறது.

மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கை இந்நோயில் உயிர்காக்கும் செய்தியாகும். மாயத்தோற்றத்தையும் கிளர்ச்சியையும் அடக்குவதற்கு வழக்கமாகத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள், லூயி உடல் நோயாளிகள் பலருக்குக் கடும் விறைப்பையும் உணர்விழப்பையும் உண்டாக்கி, மரணம் வரைக்கும் கொண்டுசெல்லக்கூடும். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு விறைப்பைக் கூட்டுகிறது; நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிஃபெனிடிலும், உறக்கம் வரவழைக்கும் சில சளி, ஒவ்வாமை மாத்திரைகளும் மனக்குழப்பத்தைப் பெருக்குகின்றன. நடைக்குத் துணைபுரியும் லெவோடோபாவும் அளவு மிகுந்தால் மாயத்தோற்றங்களைத் தூண்டக்கூடும் என்பதால், குறைந்த அளவில் தொடங்கி நிதானமாகவே கூட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் ரிவாஸ்டிக்மின், டோனெபெசில் ஆகிய மருந்துகள் கவனத்தையும் தெளிவையும் ஓரளவு மீட்டுத் தருகின்றன. ஆகவே நோயின் பெயரையும், தவிர்க்க வேண்டிய மருந்துகளையும், இப்போது உட்கொள்வனவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கையோடு வைத்திருப்பது நல்லது; நள்ளிரவில் அவசரப் பிரிவில் சேர்க்க நேரும்போது, நோயாளியை அறியாத மருத்துவருக்கு அத்தாள் வழிகாட்டும். நிலைமை திடீரென ஓரிரு நாளில் மோசமானால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்பு சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, நீரிழப்பு, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி ஆகியவற்றைத் தேட வேண்டும்; இவை சரியானதும் பெரும்பாலும் தெளிவு கணிசமாகத் திரும்புகிறது.

நோய் வளர வளர உடல்சார்ந்த உதவியே பெரும்பங்கு வகிக்கிறது. படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்து பின் நிற்பதும், தாழ்ந்த கட்டிலும், குளியலறையில் பிடிமானக் கம்பியும் விழுதலைக் குறைக்கின்றன. நோயாளி கனவில் கைகால்களை வீசுவதால் அடிபடும் துணைவர் தனிக் கட்டிலில் உறங்குவதில் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. விழுங்கும் தசைகள் தளரும்போது தண்ணீர் போன்ற மெல்லிய நீர்மங்கள் மூச்சுக்குழலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்குவதால், நிமிர்ந்து உட்காரவைத்து, குழைவாக ஆக்கிய உணவைச் சிறுசிறு கவளமாகத் தர வேண்டியிருக்கிறது. இவ்வளவையும் ஒருவரே இரவுபகலாகச் செய்வது இயலாது. நம் வீடுகளில் இச்சுமை மனைவியின் மீதோ மருமகளின் மீதோ பேச்சின்றி விழுந்துவிடுவதால், வாரத்தில் சில நாள்களாவது பிறர் பொறுப்பேற்பதை உறவினர் கூடிப் பேசி முடிவுசெய்வது அவசியம்.

இறுதிக் கட்டத்தில் குழாய் வழியே உணவூட்டுதல், செயற்கைச் சுவாசம் ஆகியவை குறித்து முடிவெடுக்க நேரும்போது நோயாளியால் பேச இயலாது. அவர் விருப்பத்தைத் தொடக்க ஆண்டுகளிலேயே, தெளிவான ஒரு பொழுதில், அவசரமின்றிக் கேட்டறிவது பிற்காலத்தில் பிள்ளைகளிடையே எழும் மனத்தாங்கலைத் தடுக்கும். இந்தியாவில் இத்தகைய முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றே போதுமென அறிவித்தது. அதன் நகலொன்றை மேற்சொன்ன மருந்துத் தாளோடு சேர்த்து வைத்திருப்பதும், குடும்ப மருத்துவரிடம் ஒன்றைக் கொடுத்துவைப்பதும் நல்லது.