நீந்திப் பறக்கும் பறவை ரோபோக்கள்

பறவைகளின் உடலமைப்பைப் பின்பற்றி, வானில் பறக்கவும் நீரில் மூழ்கவும் வடிவமைக்கப்படும் சிறு எந்திரங்கள் நீந்திப் பறக்கும் ரோபோக்கள் எனப்படும்.

இவற்றை உருவாக்குவதிலுள்ள சிக்கல் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியிலேயே விளங்கிவிடும். திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்தை அடுத்துள்ள இந்த ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. நீர்க்காகம் நீரில் மூழ்கும்போது சிறகுகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, சவ்வுக் கால்களால் உந்தி மீனைத் துரத்தும். பிறகு கரையேறி, நனைந்த சிறகுகளை விரித்து வெயிலில் காயவைக்கும். நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. காற்றில் உடலைத் தாங்க அகன்ற சிறகு வேண்டும். நீரிலோ அதுவே பெருந்தடை. பென்குயின் சிறகைத் துடுப்பாக்கிக்கொண்டு பறப்பதையே விட்டுவிட்டது!

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிர்கோ கோவாச் குழுவினர் உருவாக்கிய ‘அக்வாமாவ்’, கேனட் என்னும் கடற்பறவையைப்போல் சிறகுகளைப் பின்னால் மடக்கி நீரில் பாயும். மூழ்குவது எளிது, நீரைவிட்டு எழுவதுதான் கடினம். அதற்கு இது அழுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடு வாயுவால் நீரைப் பீய்ச்சி எழும்புகிறது.

அதே குழு 2019இல் வெளியிட்ட 160 கிராம் எடையுள்ள மற்றொரு ரோபோ இதற்குக் கால்சியம் கார்பைடைப் பயன்படுத்தியது. மாங்காயைப் பழுக்கவைக்கக் கூடாதென்று தடைசெய்திருக்கிறார்களே, அதே கார்பைடு கல்தான். எரிகலத்தில் 0.2 கிராம் தூளுடன் நீர் சேர்ந்ததும் அசிட்டிலீன் வாயு உண்டாகும். அது வெடித்து எரிந்து நீரைப் பின்னுக்குத் தள்ள, ரோபோ எழும்பி 26 மீட்டர்வரை செல்லும். சிறகடிக்காது, சறுக்கிப் பறப்பதோடு சரி. வெள்ளம் சூழ்ந்த இடங்களில் நீர் மாதிரி எடுக்க இது உதவும்.