லேசர் ஒளியும் வார மாத்திரையும்

சாந்திபுரத்தில் முடக்குவாதத்தால் அவதிப்படும் நம்மவர் ஒருவர், விரல் மூட்டுகளுக்கு லேசர் ஒளி வைத்துக்கொண்டு வந்தார். "வலி குறைந்துவிட்டது சார். கல்லீரலைக் கெடுக்கும் மாத்திரை இனி எதற்கு?" என்று கேட்டார். பலருக்கும் எழும் கேள்வி இது.

இரும்புத் தகட்டை அறுக்கும் லேசருக்கு ஆயிரக்கணக்கான வாட் சக்தி வேண்டும். மூட்டுக்குக் காட்டுவதோ பெரும்பாலும் சில நூறு மில்லிவாட்டுக்குள் அடங்கும், தோல் சுடாது. 1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசரால் எலிகளுக்குப் புற்றுநோய் வருமா என்று பார்க்கப்போய், மழித்த இடத்தில் முடி விரைவாக வளரக் கண்டார். அதில் பிறந்தது இச்சிகிச்சை. முடக்குவாதக்காரர்களுக்கு வலியும் காலை விறைப்பும் சிறிது காலம் குறையலாம் என்று 2005-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறியது.

ஒளி அந்த மூட்டோடு நின்றுவிடும், கல்லீரலுக்குப் பாரமில்லை. ஆனால் நோய் உடல் முழுவதும் இருக்கிறதே! மூட்டு அரிபடுவதைத் தடுப்பவை மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகள்தாம். கல்லீரலுக்காக அவ்வப்போது இரத்தப் பரிசோதனை அவசியம், மதுவைத் தொடக்கூடாது.

மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே நாள்தான் உட்கொள்ள வேண்டும். தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. இங்கே அட்டையில் ஆங்கிலம், கடைக்காரர் பேசுவது தெலுங்கு. நல்லவேளை, 'வாரம்' இரண்டு மொழியிலும் ஒன்றே. எந்தக் கிழமை என்று தமிழில் எழுதி அட்டையில் ஒட்டுங்கள்.

மாத்திரையை நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லட்டும். வேலூர் சி.எம்.சி.யில் இந்நோய்க்கென்றே தனித்துறை இருக்கிறது. குப்பத்தில் ரயில் ஏறினால் காட்பாடியில் இறங்கலாம்.