சுருட்டை முடிக்குச் சூடு எதற்கு?

"டாக்டர், இவ முடி சீப்புக்கே அடங்க மாட்டேங்குது. கல்யாணத்துக்குள்ள நேராக்க மருந்து இருக்கா?" தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் அடிக்கடி கேட்பது இது. சுருட்டை நோயே அல்ல; மருந்து எதற்கு? முடி முளைக்கும் பை வளைந்திருப்பதால் முடியும் சுருள்கிறது. தலைத்தோலின் எண்ணெய்ப் பசை அந்த வளைவுகளில் இறங்கி நுனிவரை போய்ச் சேராது. அதனால்தான் வறட்சியும் சிக்கும்.

பார்லர் இஸ்திரியின் சூடு 200 டிகிரியைத் தொடும். ஈர முடியில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழி விடும். அந்த இடத்திலேயே முடி ஒடியும். சில நேராக்கும் கிரீம்கள் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். கண் எரியும், மூச்சு முட்டும்.

வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்து அரை மணி ஊறுங்கள். பிறகு, வடித்த கஞ்சியில் சீயக்காயோ அரப்போ குழைத்துத் தேய்த்துக் குளியுங்கள். நெல் விளையும் ஊரில் கஞ்சிக்குப் பஞ்சமா? குக்கர் வந்தபின் பஞ்சம்தான்! கடைசியில் செம்பருத்தி இலையைக் கசக்கிய கொழகொழப்பைத் தடவி, ஈரத்திலேயே பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து அலசுங்கள். துண்டால் முறுக்க வேண்டாம். பழைய பருத்தி வேட்டியால் ஒற்றினால் போதும்.

முக்கால்வாசி உலர்ந்ததும் தளர்வாக இரட்டைப் பின்னல் போட்டு, முழுதும் காய்ந்தபின் பிரித்தால் அலை அலையாக நிற்கும். நனையும்போது முடியின் உட்பிணைப்புகள் சில தளர்ந்து, காயும்போது வைத்த வடிவிலேயே இறுகுகின்றன. அவ்வளவுதான் சூட்சுமம். மறுபடி நனைந்தால் பழைய சுருள் வந்துவிடும்.

ஆனால் இறுக்கிப் பின்னாதீர்கள். நெற்றியோர முடி உதிரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் திரும்ப முளைக்காமலே போகலாம். சாம்பிராணிப் புகையா? ஆஸ்துமா உள்ள வீட்டில் கூடாது. ஃபேன் காற்றே போதும்.