ஒரு தாய் இறந்தால்: அன்றும் இன்றும்

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண் பிணமாகத் திரும்பிய வீடுகளை அவர்கள் பார்த்திருந்தார்கள். அப்படி ஒருத்தி போனால் ஊர் கூடி அழும். “அவ விதி அவ்வளவுதான்” என்று பெரியவர்கள் முடித்துவைப்பார்கள். காரியம் முடிந்ததும் பச்சைப்பிள்ளையை யார் வளர்ப்பது என்ற பேச்சு தொடங்கும். அவள் ஏன் செத்தாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அரசாங்கமும் கேட்கவில்லை. பல மரணங்கள் பதிவேட்டுக்கே வரவில்லை. வந்தவற்றிலும் ‘காய்ச்சல்’, ‘வலிப்பு’ என்று ஒரு சொல்லோடு கணக்கு முடிந்தது; இறந்தவள் பிள்ளை பெற்றவள் என்ற குறிப்புகூட இருக்காது. 1992-93இல் தேசியக் குடும்பநல ஆய்வு நடந்தபோதும், தமிழ்நாட்டில் பத்தில் மூன்று பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனைக்கு வெளியேதான் நடந்தன.

இங்கிலாந்தும் வேல்சும் 1952 முதலே ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ரகசியம் காத்து ஆராய்ந்துவந்தன. தமிழ்நாட்டில் 1990களில் இந்த வேலை தொடங்கியது. 2004இல் எல்லா மகப்பேறு மரணங்களையும் ஆய்வு செய்வது கட்டாயமானது. நாடு முழுமைக்குமான நெறிமுறையை மத்திய அரசு 2010இல்தான் கொண்டுவந்தது. கர்ப்பமாக இருக்கும்போதோ, பிரசவத்திலோ, அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பம் சார்ந்த காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அது மகப்பேறு மரணம். விபத்து போன்றவை இதில் சேராது.

இன்று அப்படி ஒரு மரணம் நேர்ந்தால், தகவல் உடனே மேலே போக வேண்டும். மருத்துவக் குழு அந்த வீட்டுக்கே போய்க் கணவரிடமும் தாயிடமும் நடந்ததைக் கேட்கிறது. சிகிச்சை தந்த மருத்துவமனை தன் பங்குக்குத் தனியாக ஆராய்கிறது. பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம். அங்கே இறந்தவளின் உறவினரையும் அழைத்து, அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்பது இந்த ஏற்பாட்டின் பெரிய சிறப்பு.

அந்தக் கூட்டத்தில் கடிகாரம்தான் முக்கியச் சாட்சி. குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது? உதிரப்போக்கு அதிகம் என்று முதலில் கவனித்தது யார், எப்போது? “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க” என்று சொன்னது எப்போது, வண்டி கிளம்பியது எப்போது? போன இடத்தில் ரத்தம் இருந்ததா, மயக்க மருத்துவர் இருந்தாரா? கட்டுக்கடங்காத உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். கூப்பிடத் தயங்கியதில் அரை மணி, வண்டி தேடியதில் ஒரு மணி, அறுவை அரங்கு தயாராவதில் அரை மணி என்று நேரத்தை வரிசையாக எழுதிப் பார்த்தால், விதி என்று சொன்னது எது என்று தெரிந்துவிடும். முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சிகிச்சை கிடைப்பதில் என்று மூன்று தாமதங்களாக மருத்துவ உலகம் இதைப் பிரித்துப் பார்க்கிறது.

இப்படி வெளிப்பட்ட ஓட்டைகளை அடைக்கத் தமிழ்நாடு வேலை செய்தது. இரவிலும் பிரசவம் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்துப் பணிக்கு வந்தார்கள். 24 மணி நேரமும் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய சீமாங் மையங்கள் மாவட்டந்தோறும் அமைந்தன. ரத்தச் சேமிப்பு நிலையங்கள் வந்தன. 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2001-03இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அது 54. அதே காலத்தில் நாட்டின் சராசரி 97. ஆய்வு மட்டுமே இதைச் சாதித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இன்று 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதனால் கேள்வியும் மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. பிரசவமான முதல் சில மணி நேரம் நாடியும் ரத்த அழுத்தமும் ஒழுங்காகப் பார்க்கப்பட்டதா? கர்ப்பிணியின் இதய நோயை முன்பே கண்டறிந்தார்களா? ரத்தசோகையை ஏழாம் மாதம் வரை ஏன் விட்டுவைத்தார்கள்? உயிர் ஊசலாடும் கட்டத்தில் வேறு மருத்துவமனைக்குக் கைகழுவி அனுப்பினார்களா? இவற்றுக்கு விடை காண்பது சாலை போடுவதைவிடக் கடினம்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஆய்வுக் கூட்டம் குற்றவாளிக் கூண்டாகிவிடுகிறது என்று அரசு மருத்துவர்கள் வெளிப்படையாகவே குறைசொல்லி வருகிறார்கள். அதைப் புறந்தள்ளக் கூடாது. தண்டனைக்குப் பயந்தால் கேஸ் ஷீட்டில் நேரம் மாறும், சிக்கலான பெண்ணைத் தொடாமலே அனுப்பிவிடுவார்கள், அடுத்தவள் வழியிலேயே இறப்பாள். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் பெயர்களை மறைத்து மரணங்களை ஆராய்ந்து, கிடைத்த பாடங்களைச் சிகிச்சை விதிகளாக்கியது. வேண்டுமென்றே செய்த அலட்சியத்துக்குச் சட்டம் தனியே இருக்கட்டும். ஆய்வு மேசையில் கேட்க வேண்டியது ‘யார்’ அல்ல, ‘ஏன்’.

துக்க வீட்டுக்கு வரும் செவிலியரிடமும் மருத்துவரிடமும் குடும்பத்தார் மனம்விட்டுப் பேச வேண்டும். நீங்கள் சொல்லும் ஒரு விவரம் இன்னொரு வீட்டுப் பெண்ணைக் காப்பாற்றக்கூடும். அரசு இந்த ஆய்வுகளின் பாடங்களை, பெயர்களை நீக்கி, ஆண்டுதோறும் தமிழில் மக்கள் முன் வைக்க வேண்டும். இறந்த தாயைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அதே காரணத்தால் இன்னொருத்தி சாகாமல் பார்த்துக்கொள்ள முடியும். அது நம் கடமை.